ஜூலைக்காரன் ஆகஸ்டில் புறப்பட்ட கதை

பிரான்ஸ் தேசத்து ஜனங்களை இடதுசாரி, வலதுசாரி என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு விவரம் போதாது. இங்கே இருப்பது இரண்டே இனம்தான். ஜூலையில் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் ஒன்று, ஆகஸ்டில் கிளம்புகிறவர்கள் இன்னொன்று. ஜூலைக்காரர்களைக் கேட்டால் ஆகஸ்ட்காரர்கள் சோம்பேறிகள் என்பார்கள். ஆகஸ்ட்காரர்களைக் கேட்டால் ஜூலைக்காரர்கள் அவசரக்குடுக்கைகள் என்பார்கள். இரண்டும் கல்யாணத்தில் கலந்துவிட்டால், கோடை வருகிறவரைக்கும்தான் வீட்டில் நிம்மதி.

ரெமி புவாசார் பரம்பரை ஜூலைக்காரன். மோன்ரிவால் ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவன். அவன் அப்பா ஜூலை, தாத்தா ஜூலை. கட்டிக்கொண்ட கரீன் மட்டும் அசல் ஆகஸ்ட் குடும்பத்துப் பெண். அவர்கள் விவாகரத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு காரணம்.

கரீன் நர்ஸ். அவளுக்கு ரெயூனியன் தீவில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. இந்துமாக்கடலின் நடுவில் இருக்கிற ஊர். அங்கே ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளிக்கூடம் திறந்துவிடுவார்கள். ஆகவே பன்னிரண்டு வயது அனூக்கும் ஏழு வயது பஸ்தியானும் ஆகஸ்ட் பாதியில் அம்மாவோடு விமானம் ஏறியாக வேண்டும். அதுவரைக்கும், அதாவது ஆகஸ்டின் முதல் இரண்டு வாரம், பிள்ளைகள் அப்பாவோடு என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு? "அடுத்த கோடையில பாக்கலாம்" என்றாள் கரீன். அடுத்த கோடையில் அனூக்குக்குப் பதின்மூன்று வயது. அப்பாவோடு கூடாரத்தில் படுத்துக்கொள்ள எந்தப் பதின்மூன்று வயதுப் பெண் சம்மதிப்பாள்? இந்த இரண்டு வாரத்தை விட்டால் போயிற்று என்று ரெமிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் குளிர்காலத்திலிருந்தே திட்டம் போட்டான். மிமிசான் கடற்கரையில் பைன் தோப்புக்குள் கூடாரம் போட இடம் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளோடு தொலைபேசியில் மந்திராலோசனை. யார் எந்த ஜன்னல் பக்கம், யார் பாட்டு எதுவரைக்கும், முன் சீட்டில் உட்காரும் உரிமை அனூக்குக்கு எந்த ஊர் வரை என்றெல்லாம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுவாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பஸ்தியான் ரப்பர் திமிங்கலத்தை ஏப்ரலிலேயே ஊதி வைத்துவிட்டான்.

இனி பாக்கி இருந்தது காரின் கண்ணாடியில் ஒட்டுகிற பச்சை வில்லை ஒன்றுதான்.

பச்சை வில்லையைக் கொடுப்பது புறப்பாட்டு ஒழுங்கு இயக்ககம். அது பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு பெரிய மனிதர், ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, கொளுத்துகிற வெயிலில், பின் சீட்டில் மாமியாரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரமே இயக்ககம் திறந்தாயிற்று. கோடையில் குழந்தைகளோடு கிளம்புகிற எந்த வண்டிக்கும் முன்கண்ணாடியில் வில்லை இருக்க வேண்டும். குழந்தை இல்லாத வண்டிக்குத் தேவையில்லை. குழந்தை இருந்தால்தான் சாமான் இருக்கும், சாமான் இருந்தால்தான் கூரைமேல் பெட்டி ஏறும், பெட்டி ஏறிய வண்டிதான் நெரிசலை உண்டாக்கும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. இயக்ககத்துக்குக் காகிதம் ஆகாது. 'நாங்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை, மனிதனைப் பார்க்கிறோம்' என்று வாசலிலேயே பொறித்திருக்கிறார்கள். காகிதமே தேவலை என்று மனிதன் கதறுகிறவரை பார்ப்பார்கள்.

ஜூலைத் தொடக்கத்தில் ரெமி அங்கே போனான். சாளரத்துக்குப் பின்னால் மதாம் வோக்லேன் உட்கார்ந்திருந்தார். அவனை வருடாவருடம் பார்க்கிறவர்.

"வாங்க முசியே புவாசார். வர்ற சனிக்கிழமைதானே? வழக்கம்போல?"

"இல்லை மதாம். இந்த வருஷம் ஆகஸ்ட்."

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "உடம்புக்கு ஏதாவது?"

"அதெல்லாம் இல்லை. பிள்ளைங்க ஆகஸ்டுலதான் என்கிட்ட இருப்பாங்க. ஜட்ஜ் அம்மா தீர்ப்புக் குடுத்துட்டாங்க."

"ஜட்ஜுக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்? பிள்ளைங்களைப் பிரிச்சுக் குடுக்கறது அவங்க வேலை. மாசத்தைப் பிரிச்சுக் குடுக்கறது எங்க வேலை. உங்க அப்பா எந்த மாசம்?"

"ஜூலை."

"தாத்தா?"

"அவரும் ஜூலைதான்."

"பாத்தீங்களா, ரத்தத்துலயே ஊறிப்போயிருக்கு." மதாமின் குரலில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. "ஜூலைக்காரன் சுங்கச்சாவடியில வரிசை மாறிக்கிட்டே இருப்பான். ஆகஸ்ட்காரன் ஒரே வரிசையில நின்னு பொண்டாட்டியோட சண்டை போடுவான். உங்களைக் கொண்டுபோய் ஆகஸ்டுல விட்டா அந்த மாசமே கெட்டுப்போயிடும்."

"எனக்குச் சண்டை போடப் பொண்டாட்டி இல்லை மதாம்."

"அதுவும் ஒரு குறைதான்" என்றார் மதாம், உண்மையான வருத்தத்தோடு.

"இப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"சுபாவம் மாறணும். அதுக்குப் பயிற்சி இருக்கு. புது இயக்குநர் வந்ததுலேருந்து பயிற்சி இல்லாம யாருக்கும் ஆகஸ்ட் கிடையாது. பயிற்சியாளர் முசியே திபோ நடத்துவார்."

"எப்ப?"

"அவர் ஜூலைக்காரர். லீவுல இருக்கார். ஆகஸ்ட் பிறந்ததும் வந்துடு..."

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. வாக்கியத்தின் நடுவிலேயே சாளரத்தின் தகடு கீழே இறங்கியது. சாப்பாட்டு நேரம். மனிதனைப் பார்க்கிற இயக்ககம்தான், ஆனால் மதியத்தில் யாரையும் பார்க்காது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை கரீன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள். கூடத்தில் பைகள், கூடாரம், ரப்பர் திமிங்கலம். திமிங்கலம் சோபாவில் உட்கார்ந்துகொண்டதால் மனிதர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நாளைக்குக் கிளம்பறோமாப்பா?" என்றான் பஸ்தியான்.

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குடா. முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

அனூக் தலையை நிமிர்த்தவில்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டு, "ரயில்ல போலாமே" என்றாள்.

"ரயில்காரங்க ஸ்டிரைக்கும்மா."

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வெச்சிருக்கீங்க." அது பெரியவர்கள் பேசுகிற பேச்சு. கரீனின் குரலேதான். ரெமிக்குச் சுருக்கென்றது.

பயிற்சி, நகராட்சி விளையாட்டு அரங்கில் நடந்தது. நாற்காலிகளை இரண்டிரண்டு வரிசையாகப் போட்டு, சுற்றித் தரையில் நாடா ஒட்டி, குடும்பத்துக்கு ஒரு கார் என்று அமைத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஹீட்டர் போட்டிருந்தது. சுவரிலிருந்த பெட்டியிலிருந்து ஹாரன் சத்தமும் யாரோ ஒரு குழந்தையின் அழுகையும் மாறி மாறி வந்தன. ரெமிக்குப் பக்கத்துக் காரில் ஒரு பல் வைத்தியர், மூன்று பிள்ளைகளோடு வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஜூலையா?" என்று ரெமி கேட்டான்.

"ஐயோ, இல்லைங்க. நான் பிறவி ஆகஸ்ட். போன வருஷம் ஒரு தடவை ஜூன்ல கிளம்பிட்டேன், அக்கா கல்யாணத்துக்கு. அதைச் சொல்லி என் மேல சந்தேகப்படறாங்க."

திபோ வந்தார். லீவில் வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பான பெற்றோர்களே! நீங்க இப்ப நெரிசல்ல இருக்கீங்க. முன்னால வண்டி, பின்னால வண்டி. என்ன செய்வீங்க? ஜூலைக்காரன் நம்புவான், சீக்கிரம் நகரும்னு. அந்த நம்பிக்கைதான் நோய். நம்பறவன் பாதை மாறுவான், மாறுறவன் மோதுவான். ஆகஸ்ட்காரன் நம்ப மாட்டான். பெருமூச்சு விடுவான். எங்கே, எல்லாரும் விடுங்க பாப்போம்."

அரங்கம் பெருமூச்சு விட்டது.

"ரெண்டாவது கார்! மூச்சுல இன்னும் ஆசை இருக்கு. மறுபடியும்!"

இரண்டாவது கார் ரெமியுடையது. அவன் மறுபடி விட்டான். திபோ பிள்ளைகளிடம் குனிந்தார். "கண்ணா, உங்கப்பா முன்னால போற வண்டியை எப்பவாவது திட்டியிருக்காரா?"

"ஓ, நிறைய!" என்றான் பஸ்தியான். யாரோ தன் திறமையைக் கேட்டுவிட்ட சந்தோஷம் அவனுக்கு. "சிலது எனக்கே மனப்பாடம். சொல்லட்டா?"

"சொல்லேன்."

சொன்னான். சுவர்ப் பெட்டியில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டதாகத் தோன்றியது. பல் வைத்தியர் தன் மூன்று பிள்ளைகளின் ஆறு காதுகளையும் இரண்டே கைகளால் பொத்தப் பார்த்தார்.

"எல்லாமே ஜூலை வார்த்தைகள்" என்றார் திபோ சோகமாக. "அடுத்த வாரம் மறுபடி வாங்க முசியே."

"அடுத்த வாரமா? எனக்கு இருக்கறதே ரெண்டு வாரம்தான்!"

"பாருங்க, இப்பவும் நாள் எண்ணிக்கிட்டிருக்கீங்க."

வெளியே வந்ததும் அனூக் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "அப்பா, இவங்க எல்லாம் நிஜமாத்தான் பேசறாங்களா?"

"ஆமாம்மா. அதுதானே கொடுமை."

மறுநாள் காலை ரெமிக்கு வெறி வந்துவிட்டது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சாமானை எல்லாம் கட்டி, திமிங்கலத்தைக் கூரைமேல் போட்டு, பிள்ளைகளை ஏற்றி, சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவே போகிற குறுக்கு ரோட்டில் வண்டியை விட்டான். ஊர் எல்லையில் ரவுண்டானா. அதில் ஆரஞ்சுச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பீச் பழம் தின்றுகொண்டிருந்தார். இயக்ககத்தின் தன்னார்வலர். வில்லை இல்லாத கண்ணாடியைப் பார்த்தார், கூரைமேல் திமிங்கலத்தைப் பார்த்தார்.

"முசியே, பேசாம அப்படியே சுத்தித் திரும்பிடுங்க" என்றார் அன்பாக. "நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். உங்க பேரை இயக்ககத்துல சொல்லிட்டேன்னா கோர்ட் வரைக்கும் போகும். பிள்ளைங்க விஷயத்துல உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ரெமி வண்டியைச் சுற்றினான்.

"இன்னொரு தடவைப்பா!" என்று பஸ்தியான் கத்தினான். அவனுக்கு அது ராட்டினம். ரெமி இன்னொரு தடவை சுற்றினான். பிறகு இன்னொரு தடவை. கிழவர் பழத்தைத் தின்றபடி கை அசைத்தார். அந்த விடுமுறையில் அவர்கள் போன உல்லாசப் பயணம் அதுவரை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கூடத்திலேயே கூடாரம் போட்டார்கள். காலையில் அதற்குள் ரொட்டியும் ஜாமும். மாலையில் பஸ்தியான் குளியல் தொட்டியில் திமிங்கலத்தை விட்டு, தான் வெளியே நின்றான், இரண்டு பேருக்கும் இடம் இல்லாததால். அனூக் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெமி கதவுக்கு வெளியே நின்று, "கடல் எங்கயும் போயிடாதும்மா" என்றான். "நாங்கதான் போயிடுவோம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதான்.

இரண்டாம் முறை பயிற்சிக்குப் போனபோது ரெமி நாடாக் காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஹாரன் காதில் விழவில்லை. பஸ்தியான் அக்காவின் முடியைப் பிடித்து இழுத்தான், அவள் கிள்ளினாள், அவன் அலறினான். ரெமியின் கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. மார்பிலிருந்து ஒரு மூச்சு தானாக வெளியே வந்தது.

திபோ ஓடி வந்தார். அவர் கண்ணில் நீர். "இதுதான்! எல்லாரும் திரும்பிப் பாருங்க! இதுதான் அசல் ஆகஸ்ட்!"

அரங்கமே கை தட்டியது. பல் வைத்தியர் பொறாமையோடு தட்டினார்.

சுபாவம் மாறியவர்கள் கடைசியாக இயக்குநரைப் பார்க்க வேண்டும். முசியே த லா பெரியேர் உயரமானவர். சுத்தமான கை. சுவர் முழுக்க ஒரு வரைபடம், மேஜைமேல் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ரெமி உள்ளே போனான்.

"உக்காருங்க. இந்த ஆகஸ்டுல நம்ம மாவட்டத்துல ஒரு நெரிசல்கூட இல்லை. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் முசியே. யாருமே கிளம்பலையே."

"அதேதான்!" இயக்குநர் மேஜையைத் தட்டினார். "எத்தனை பேருக்கு இது புரியுது சொல்லுங்க? எனக்கு முன்னால இருந்தவங்க ரோட்டை அகலமாக்கினாங்க, பாலம் கட்டினாங்க. எல்லாம் வீண். நான் வேரைப் பிடிச்சேன். நெரிசலுக்கு வேர் எது? புறப்பாடு. புறப்பாட்டை ஒழுங்கு பண்ணினா ரோடு தானா ஒழுங்காயிடும். போன வாரம் தலைநகர்லேருந்து வந்து பாத்தாங்க. ரோட்டு நடுவுல நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவு சுத்தம்."

"நீங்க லீவுக்குக் கடலுக்குப் போனதில்லையா முசியே?"

"நான் கடலைப் பாத்ததே இல்லை. எங்களைப் பொறுத்தவரைக்கும் கடல்ங்கறது ஜனங்களைத் தேவையில்லாம நகர வெக்கற ஒரு பொருள்."

ரெமி மானம் மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். "முசியே, என் பிள்ளைங்க இந்தச் சனிக்கிழமை விமானம் ஏறுறாங்க. உலகத்தோட அந்தக் கோடிக்குப் போறாங்க. மறுபடி எப்ப பாப்பேன்னு எனக்கே தெரியாது. எனக்கு ரெண்டு வாரம் வேண்டாம். ஒரு நாள் குடுங்க. பொண்ணு என்கூடப் பேசறதில்லை. கார்ல பக்கத்துல உக்காந்தா பேசுவா. கார்லதான் பேசுவா. ஒரே ஒரு நாள்."

இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மனம் இல்லாதவர் அல்ல அவர்.

"நீங்க ஒரு நல்ல தகப்பன். நான் எதுவும் செய்யாம இருக்க முடியாது. உங்களுக்குச் சனிக்கிழமையே தர்றேன். வடக்கு."

"கடல் மேற்குல இருக்கு முசியே."

"மேற்கு எங்க வரைபடத்துல ஆரஞ்சு, நெரிசல் வர்ற திசை. வடக்கு சுத்தப் பச்சை. இதுவரைக்கும் யாருக்குமே குடுக்காத பச்சை!"

"வடக்கே போனா விமான நிலையம்தான் வரும்."

"போய்ச் சேர்ற இடம் எங்க இலாகா இல்லை. நாங்க புறப்பாடு மட்டும்தான்."

வில்லையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ரெமி வாங்கிக்கொண்டான். வாங்காவிட்டால் பிள்ளைகளை விமானத்துக்கும் கொண்டுபோக முடியாதே.

சனிக்கிழமை காலை நெடுஞ்சாலை ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. மூன்று தடத்திலும் ஒரு வண்டி இல்லை. சுங்கச்சாவடியில் தடைக்கம்பம் இவர்களைப் பார்த்ததும் தானாகத் தூக்கிக்கொண்டது. பாரிஸ் இத்தனை கிலோமீட்டர் என்று பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பலகைக்கும் ரெமியின் கால் பெடலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. வாழ்நாள் முழுக்க எந்த நெரிசலைத் திட்டித் தீர்த்தானோ, அந்த நெரிசல் ஒன்று வராதா என்று அவன் இப்போது ஏங்கினான். ஒரு லாரி கவிழக் கூடாதா? விவசாயிகள் டிராக்டரோடு வந்து மறிக்க மாட்டார்களா? நாட்டில் ஸ்டிரைக்குக்கா பஞ்சம்? ஒன்றும் வரவில்லை. சாலை வழுக்கிக்கொண்டு போனது.

பக்கத்தில் அனூக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, எனக்குப் பாத்ரூம் வருது" என்றாள்.

ஓய்விடத்தில் நிறுத்தினான். போய்விட்டு வந்தாள். அடுத்த ஓய்விடம் வந்ததும், "மறுபடி வருது" என்றாள். அங்கேயும் நிறுத்தினான். மூன்றாவது ஓய்விடத்தில் அவள் கழிவறைப் பக்கமே போகவில்லை. காபி இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமி காரிலிருந்து அதைப் பார்த்தான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவன் சாவியைத் திருகவில்லை.

"எனக்கும்தான் வருது" என்றான் பஸ்தியான் பின்னாலிருந்து, உருளைக்கிழங்கு வறுவலை மென்றபடி. அவன் இடத்தைவிட்டு அசையவே இல்லை.

அனூக் பேச ஆரம்பித்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் யாரையும் தெரியாது என்றாள். அங்கே எரிமலை இருக்கிறதாம், பயமாக இருக்கிறது என்றாள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். ரெமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். இடையில் அவள் ஏதோ சொன்னதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இயக்ககத்தின் ஆரஞ்சுச் சட்டை. இளைஞன் தலைக்கவசத்தைக் கழற்றி, முன்கண்ணாடியில் பச்சை வில்லையைப் பார்த்தான். பிறகு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த சாலையைப் பார்த்தான். ஜன்னலைத் தட்டினான்.

"முசியே, இந்த ரோட்டுல இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான். எதுக்கு இங்க நின்னுக்கிட்டிருக்கீங்க?"

ரெமி கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

"முன்னால ஒரே நெரிசல் தம்பி" என்றான். "ஒரு அடி நகர முடியலை."